வெளிச்சத்தை மறைக்காதே

என் ஊர்ப் பெயரைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு வேறு. எப்போதோ தெரிந்துவைத்திருந்த விஷயம், மறந்துபோயிருந்தேன். போன மாதம் சென்னை அலுவலகத்தில் ஞாபகப்படுத்தினார்கள். கோயில் ஊர்களில் தங்க இடம் தேடுகிறவர்களுக்கான செயலி ஒன்றுக்கு நான் திரைகள் வரைந்துகொண்டிருக்கிறேன். சோதித்துப் பார்க்கிற பெண் வந்து நின்றாள். "சார், ஸ்ரீரங்கம்னு தேடினா ஒண்ணும் வரல. ஆனா லிஸ்ட்ல ஸ்ரீரங்கம் இருக்கு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். அவள் தட்டியது ஸ்ரீ. பட்டியலில் இருந்தது ஶ்ரீ.

கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் ஸ்ரீக்கென்று தனி இடம் கிடையாது. ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி என்று நான்கை வரிசையாக வைத்தால் எழுத்துரு அவற்றைக் கோத்து ஒரே உருவமாகக் காட்டும். 2005-இல் யூனிகோடு 4.1 வந்தபோது ஶ என்ற கிரந்த எழுத்தும் தமிழ்ப் பகுதிக்குள் வந்து சேர்ந்தது. முறைப்படி அந்த ஶவில்தான் தொடங்க வேண்டும் என்றானது. அதற்குள் எல்லோரும் பழைய முறையில் எழுதிப் பழகிவிட்டார்கள். எழுத்துரு செய்கிறவர்கள் இரண்டுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்துப் பிரச்சினையை மூடிவிட்டார்கள். ஆக, இன்றைக்கு இரண்டு ஸ்ரீரங்கம் இருக்கிறது. ஒன்றில் தேடினால் மற்றதில் படுத்திருக்கிற பெருமாள் அகப்பட மாட்டார். திருவரங்கம் என்று எழுதினால் இந்த வம்பே இல்லை என்பார் என் பள்ளித் தமிழாசிரியர். சரிதான். ஆனால் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் யாரும் திருவரங்கத்துக்கு டிக்கெட் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆயிற்று. தேடலுக்கு முன்னால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிற நாலு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்து வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஸ்ரீயை ஒருவர் எழுதப் பார்த்து வளர்ந்தவன் நான்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலத்துக்குப் போகிற வழியில், சிந்தாமணியில், ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே எப்போதும் எனாமல் பெயின்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. கடைப் பலகை, லாரி முகப்பு, தேர்தல் வந்தால் சுவர் என்று எதுவானாலும் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் ஒருவர் அங்கே இருந்தார். பெயர் வேண்டாம். ஒவ்வொரு பலகையின் வலது மூலையிலும் அவரே சின்னதாக எழுதி வைத்திருப்பார். எனக்குப் பள்ளிக்கூடம் தெப்பக்குளம் பக்கம். மணி அடித்ததும் நடந்து வந்து, பஸ் ஏறுவதற்கு முன் அந்தக் கொட்டகை வாசலில் நிற்பது வழக்கம். ஒரு பஸ் போகும், இரண்டு பஸ் போகும். வீட்டில் "ஏண்டா லேட்டு" என்பார்கள். "கூட்டம்மா, ஏற முடியல" என்பேன்.

நீலம் தடவிய நூலைப் பலகையின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார். கோடு விழும். கீழே இன்னொரு கோடு. அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே சாக்கட்டியால் எழுத்துகளை நிறுத்திப் பார்ப்பார். எழுத மாட்டார், நிறுத்துவார். ஒன்றை அழித்து நகர்த்துவார். பிறகு இடது கையில் நுனியில் துணி சுற்றிய குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டு, விரல்களுக்கு நடுவே நீளமுடி பிரஷ். இடம் போதாமல் போனால் அவரிடம் ஓர் உபாயம் இருந்தது. வெற்றிலை மண்டிக்குப் பலகை எழுதும்போது பார்த்தேன்: லையைப் பழைய முறையில், யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைத்துப் போட்டுவிட்டார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பாடப்புத்தகத்திலிருந்து போன எழுத்து அது. "கவர்மென்ட்டு மாத்துனா மாத்தட்டும். எனக்கு இங்க ரெண்டு இஞ்ச் மிச்சம்" என்றார்.

ஸ்ரீரங்கம் என்ற சொல் வந்தால் ஸ்ரீக்கு இடம் விட்டுவிட்டு ரங்கத்தை முதலில் முடிப்பார். ஒன்றரை எழுத்து அகலம் விடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கை சூடாகணும்ல" என்றார். கடைசியில் பிரஷ்ஷைத் தோய்த்து, டப்பாவின் விளிம்பில் ஒருமுறை வழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். சுழி, வயிறு, கீழே இறங்குகிற வால், பிறகு மேலே ஈகாரம். எங்கே பிரஷ்ஷை எடுக்கிறார், எங்கே மறுபடி வைக்கிறார் என்று பார்ப்பதற்காகவே நான் நின்றிருக்கிறேன். அத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒருமுறைகூடப் போ என்று சொன்னதில்லை. எழுதிக் காட்டித் தருகிறேன் என்றும் சொன்னதில்லை. என்னிடம் அதிகம் சொன்னது ஒரே வாக்கியம்: "வெளிச்சத்த மறைக்காத."

எங்கள் ஊரில் அப்போது எல்லா வேலையும் இப்படித்தான் நடந்தது. ரெங்கவிலாச மண்டபத்துப் பக்கம் பூக்கட்டுகிறவர்களின் விரலைப் பார்க்கலாம். சித்திரைத் தேருக்கு வடம் கட்டுவதைப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் ஜாங்கிரி பிழிவதைப் பார்க்கலாம், கையில் ஒன்று கிடைக்கவும் கிடைக்கும். கோலத்தைச் சொல்லாமல் விட்டால் வெப் டிசைனர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோலப்புள்ளிதான் ஆதி பிக்சல் என்று நானே பல மேடைகளில் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புள்ளியில் ஒன்றும் விசேஷமில்லை. தெருவில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டு போய் மறுநாள் தன் வாசலில் இரண்டு புள்ளி கூட்டிப் போடுவாள்.

2000-இல் கல்லூரி முதல் வருஷம். தெற்குச் சித்திரை வீதியில், ஒரு வீட்டின் திண்ணையை அடைத்து பிரவுசிங் சென்டர் ஒன்று வந்தது. மணிக்கு 40 ரூபாய். நடத்தியவர் திருவெறும்பூர் பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஊருக்கு அவர் பெல் சார். எழுத்தாளர் சுஜாதாவின் பரம ரசிகர். ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய சுஜாதா எங்கள் ஊர்க்காரர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் இருந்தவர், அப்போது அம்பலம் என்ற இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். "ரங்கராஜன் இன்டர்நெட்டுல பத்திரிகை நடத்தறார், நீங்க ரயில் டிக்கெட் பாத்துண்டு இருங்கோ" என்று வாடிக்கையாளர்களைத் திட்டுவார் பெல் சார்.

மோடம் கிறீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்பு கிடைத்தால் அடுத்த கண்டம் தமிழ். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிப் போட்டால்தான் படிக்கலாம். போடாவிட்டால் பிரெஞ்சுக்காரர்கள் கோபித்துக்கொண்டு எழுதிய மாதிரி கொம்பும் தொப்பியுமாய் எழுத்துகள் வரும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளை அறிவித்தது. அதற்கு முன்பே வெளிநாட்டுத் தமிழர்களும் உள்ளூர்த் தமிழர்களும் மின்னஞ்சலிலேயே வாதாடி டிஸ்கி என்று ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் இருந்தது. பெல் சாரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இத்தனையும் ஏற்றி வைத்திருந்ததால் அது எழுந்து உட்காரவே பத்து நிமிஷம் ஆகும். டிஸ்கியில் ஸ்ரீக்குத் தனி இடமே உண்டு. ஒரே எண், ஒரே எழுத்து. இன்றைக்கு நான்கு துண்டாகக் கிடப்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான். அதற்காக அந்தக் காலம் திரும்ப வரட்டும் என்று சொல்ல மாட்டேன். யூனிகோடு வந்திராவிட்டால் என் அத்தை வாட்ஸ்அப்பில் தமிழில் சண்டை போட முடியாது.

எனக்கு அங்கே வாழ்க்கையை மாற்றியது வேறொன்று. ஒருநாள் எலியின் வலது பொத்தானைத் தெரியாமல் அமுக்கிவிட்டேன். பட்டியல் விழுந்தது. அதில் வியூ சோர்ஸ். அமுக்கினேன். நோட்பேட் திறந்தது. பார்த்துக்கொண்டிருந்த பக்கம் முழுவதும் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே வரிவரியாக இருந்தது. இந்த இடத்தில் அட்டவணை தொடங்குகிறது, இந்த இடத்தில் படம், இது நிறம், இது ஓடுகிற எழுத்து. யாரோ கலிபோர்னியாவிலோ கனடாவிலோ உட்கார்ந்து செய்தவன், பின்னால் நின்று பார்த்துக்கொள் என்று விட்டுவைத்திருக்கிறான். சிந்தாமணிக் கொட்டகை வாசல் ஞாபகம்தான் வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் நுட்பத்தை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரியாமலேயே அதன் பலனை மணிக்கு 40 ரூபாய் கொடுத்து அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

நான் எந்த வகுப்பிலும் எச்.டி.எம்.எல். படிக்கவில்லை. அடுத்தவன் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, என்ன ஆகிறது என்று பார்த்தேன். உடைந்தால் பக்கத்துச் சீட்டுக்காரனைக் கேட்பேன். அவனும் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். பெல் சாரும் நிற்பார். மதுரைத் திட்டத்தின் பக்கங்களைக் காட்டியதும் அவர்தான். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிவைக்க, உலகமெங்கும் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் நூல் திருக்குறள். நூலின் தலைமாட்டில் இன்னார் தட்டச்சு செய்தது, இன்னார் மெய்ப்புப் பார்த்தது என்று பெயர் போட்டிருப்பார்கள். பலகை மூலையில் ஆர்ட்டிஸ்ட் பெயர் இருந்த மாதிரி.

என் முதல் பக்கம், வேறென்ன, ஸ்ரீரங்கத்தைப் பற்றித்தான். ஏழு பிராகாரம் உள்ள ஊருக்குப் பக்கமும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஏழு அட்டவணைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டேன். அடையவளஞ்சான் ஒரு நிறம், சித்திரை வீதி ஒரு நிறம், உத்திர வீதி ஒரு நிறம், நடுவே பெருமாள் படம். ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்ய 25 ரூபாய் கொடுத்த படம். நெட்ஸ்கேப் பிரவுசரில் திறந்தால் அப்படியே உறைந்து நின்றது. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த அட்டவணை என்றால் அதற்கு ஆகாது. பெல் சார் ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். "ஏண்டா, வைகுண்ட ஏகாதசி க்யூவுல நின்னாக்கூட இதுக்குள்ள பெருமாளச் சேவிச்சிருக்கலாமே" என்றார். அட்டவணையை மூன்றாகக் குறைத்தேன்.

பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன மனிதன் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருப்பான். பக்கம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பக்கங்களில் பாதி அந்த மனிதனோடேயே செத்துப்போயின. இது சரியில்லையே சார், முடிக்காமல் எப்படி வெளியே விடுவது என்று கேட்டதற்குப் பெல் சார் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். ராஜகோபுரம். பல நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்று, மொட்டைக் கோபுரம் என்றே பெயராகி, அகோபில மடத்தின் 44-ஆம் ஜீயர் முயற்சியில் 1987-இல்தான் 13 நிலைகளும் 236 அடியுமாக முடிந்தது. "நானூறு வருஷம் தோண்டிண்டே இருந்தா. ஜனங்க அதுக்குள்ள பூந்து போகலையா, வரலையா?" என்றார். என் பக்கத்தில் இருந்த மண்வெட்டிக்காரன் கடைசி வரை தோண்டினான். இலவசமாக இடம் கொடுத்தவர்கள் பின்னாளில் கடையை மூடியபோது அவனும் போனான். நான் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

2003, 2004 வாக்கில் திருச்சிக்குள் ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. என் முதல் சம்பளம் அதில்தான். ஒரு ஃபிளெக்ஸ் கடையில் சாயங்கால வேலை, கோரல்டிராவில் பலகை போட்டுக் கொடுக்க வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. காலையில் சொன்னால் மாலையில் பலகை. ஆர்ட்டிஸ்ட் நாலு நாள் எடுத்துக்கொள்கிற வேலை. தெரிந்தேதான் செய்தேன். அப்போது அது முன்னேற்றமாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் அவரே வந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் பலகை ஒப்புக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் இப்போது ஃபிளெக்ஸ்தான் வேண்டும் என்கிறாராம், நீயே போட்டுக் கொடு என்றார். நாற்காலி கொடுத்தேன். உட்காரவில்லை. என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

நான் கடையின் பெயரைத் தட்டினேன். ஸ்ரீரங்கம் என்று தட்டினேன். எழுத்துருவை மாற்றினேன். பெரிதாக்கினேன். நிழல் என்பதை அமுக்கினேன், நிழல் விழுந்தது. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

"இந்த ஸ்ரீ எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது உள்ளேயே இருக்குண்ணே."

"யாரு எழுதுனது?"

எனக்குத் தெரியவில்லை. எழுத்துருவின் பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். ஸ்ரீயின் வாலைத் திரையில் விரலால் தொட்டு, "இங்க ஒடஞ்சிருக்கு" என்றார். உண்மைதான், வளைவில் ஒரு முடிச்சு இருந்தது. சரிசெய்யட்டுமா என்று கேட்டேன். "தூரத்துலேர்ந்து யாருக்குத் தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் நின்று பார்க்க வந்த மனிதருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை என்பது எனக்கு அன்று புரியவில்லை. புரிய இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது நானே அந்தப் பக்கத்து ஆள். என் குழு செய்கிற பக்கத்தை யாராவது வியூ சோர்ஸில் திறந்தால், மூச்சுவிடாமல் ஓடுகிற ஒரே வரி. ஆயிரக்கணக்கான எழுத்துகள், நடுவில் ஓர் இடைவெளி கிடையாது. வேகத்துக்காக அப்படி அரைத்துப் பொடியாக்கித்தான் அனுப்புகிறோம். காரணம் நியாயமானது. செயலிக்கு வலது பொத்தானே இல்லை. திருநெல்வேலியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒரு தம்பி என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறான். இணையத்தில் சேர்ந்து வரைகிற ஃபிக்மாவில் அவன் அம்புக்குறி பெயர் மாட்டிக்கொண்டு என் திரையில் அலையும். நான் செய்வதைப் பார்க்கிறான் என்று தெரியும். பார்க்கட்டும் என்று சில சமயம் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறேன். சட்டென்று அம்புக்குறி காணாமல் போய்விடும், வேறு கூட்டத்துக்குப் போயிருப்பான்.

திறந்திருக்கிற இடங்களும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் போன்ற எழுத்துருக்களை இலவசமாக இறக்கலாம். திறந்து உள்ளே எத்தனை புள்ளியில் எந்த வளைவு நிற்கிறது என்று பார்க்கலாம். யார் எழுதியது என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. தேடல் பிரச்சினை வந்த அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நாலைந்து எழுத்துருக்களின் ஸ்ரீயைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் ஆபீஸ் வேலையா" என்றாள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். காவிரிப் பாலம் தாண்டுகிறபோது பஸ்ஸில் எல்லோரும் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்புவார்கள், தண்ணீர் இருக்கிறதா என்று. இருந்தது. சிந்தாமணியில் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. விசாரித்தேன், பையனுக்கு இருபது வயது இருக்கும், அவனுக்குத் தெரியவில்லை. தெற்குச் சித்திரை வீதித் திண்ணையைத் திறந்துவிட்டார்கள், பழையபடி திண்ணையாகவே இருக்கிறது. பெல் சார் காலமாகிப் பல வருஷம்.

அடையவளஞ்சான் வீதியில், ரொம்ப நாளாகப் பூட்டிக்கிடக்கிற மாவு மில் ஒன்றின் வாசல் சுவரில் ஆர்ட்டிஸ்ட் எழுதிய பலகை இருக்கிறது. வலது மூலையில் பெயர் உதிர்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். நீலத் தளத்தில் மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். ஸ்ரீ முழுதாக இருக்கிறது. சாயங்கால வெயில் என் முதுகில் அடித்ததால் என் நிழல் பலகையில் பாதி வரை ஏறியது. தள்ளி நின்று படம் எடுத்தேன்.

அந்தப் படத்தை வைத்து இப்போது ஸ்ரீயைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன், ராத்திரிகளில், கொஞ்சம் கொஞ்சமாக. சுழி வந்துவிட்டது. வயிறும் பரவாயில்லை. வாலில் மட்டும் எத்தனை புள்ளி வைத்தாலும் ஒரு முடிச்சு விழுகிறது. அங்கே அவர் பிரஷ்ஷை எடுத்தாரா, எடுக்காமல் திருப்பினாரா என்று படத்தில் தெரியவில்லை. பார்த்திருக்கிறேன், நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஞாபகம் வரவில்லை.